ஈயம்

பட்டர் வாங்கினேன் என்றேன்.
வெண்ணெயா என்றாள் ஜெசிந்தா.
இல்லை, குச்சி. கோல்ஃப் குச்சி.
பந்தைப் பறக்கவிட அல்ல,
குழிவரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட.
அதற்கு முந்நூறா என்றாள்.

மெட்டு இறங்கிப் போடியில்
உதுமான் ராவுத்தரின் காயலான் கடை.
பம்புசெட் வால்வு, விளக்குத் தண்டு,
தலை திருகிய குழாய்கள் நடுவே
கழுத்து நீட்டிக் கிடந்தது.
பித்தளை தனி, இரும்பு தனி என
அறுத்து நிறுக்க ரம்பம் எடுத்தார்.
முழுசும் பித்தளை விலைக்கே போடுங்க என்றேன்.
ஒரு மாதிரி பார்த்தார்.
பூட்டு ஒன்று இனாமாகத் தந்தார்.
அதற்குச் சாவி இல்லை.

தேயிலை ஃபேக்டரியில் நான் ஃபிட்டர்.
ரோலர் மேசையின் பித்தளைப் பட்டைகளை
இருபத்தோரு வருடமாகக்
கழற்றுகிறேன், சீவுகிறேன், பூட்டுகிறேன்.
புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்றாள்.
அதுதான் வேண்டாம்.
பந்து தொடுகிற இரண்டு விரல் அகலம் மட்டும்
ஆயிரம் நம்பர் பேப்பர், தண்ணீர் விட்டு,
ஒரே திசையில்.
மற்ற கறுப்பு யாருடைய வேர்வையோ.
அதில் கை வைக்க எனக்குப் பாத்தியம் இல்லை.
தண்டின் துரு மண்ணெண்ணெயில்
இரண்டு ராத்திரி ஊறிக் கழன்றது.
பிடிக்கு சைக்கிள் ட்யூப்,
நுனியில் தூண்டில் நரம்பு, நாலு சுற்று.

திங்கட்கிழமை கிளப்பில் ஆள் இல்லை.
புல் வெட்டும் தங்கச்சன் கேட்டைத் திறந்துவிட்டான்.
பந்தயம்: தோற்றவன் பழம்பொரி.
இங்கே எல்லாப் பந்தும்
கடைசியில் அணையைப் பார்த்துத்தான் திரும்பும்.
என் பந்து அணையையும் மதிக்கவில்லை.
இடது பக்கம், இரண்டு விரல்.
மறுபடி இடது, மறுபடி இரண்டு விரல்.
அவ்வளவு ஒழுங்காக ஒரு தப்பு.

வைஸில் மாட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
முகம் நேர்.
குதிகால் பக்கம், கறுப்புக்கு அடியில்,
பட்டாணி அளவு ஒரு வட்டம்.
நெம்பினேன். சாம்பல் நிறத்தில்
மெத்தென்று ஏதோ வந்தது.
ஈயத்தாள்.
பழைய தேயிலைப் பெட்டிக்குள்
ஈரம் படாமல் ஒட்டுவார்களே, அது.
உள்ளங்கை அளவு கிழித்து,
எட்டாய் மடித்து, சுத்தியலால்
அடித்து இறக்கியிருக்கிறான் ஒருவன்.
துரை செய்திருக்க மாட்டான்.
துரைக்கு வேறு பட்டர் வாங்கத் தெரியும்.
பேக்கிங் ரூமில் கையை விட்டவன்,
திங்கட்கிழமைகளில் ஆடியவன்.
அவன் கைக்கு வலது பக்கம் ஓடியது போல,
இழுத்துப் பிடிக்க இந்த எடை.

ஈயம் இல்லாமல் ஆடினேன்.
இப்போது வலது பக்கம், நாலு விரல்.
திரும்ப அடைக்கலாம் என்றால்
பிரித்த தாள் பழைய மடிப்புக்கு வரவில்லை.
பேட்டரி ஈயம் உருக்கி ஊற்றினேன்.
நேராகப் போனது,
மூன்று நாள்.
நாலாம் நாள் இடது பக்கம், இரண்டு விரல்.
அந்த இரண்டு விரல்
பட்டரில் இல்லை போலிருக்கிறது.

நேற்று ராத்திரி மழை.
ஏழாம் குழியின் புல்மேல்
ஆனை நடந்து போயிருந்தது.
தங்கச்சன் தலையில் கை வைத்து நின்றான்.
ஒவ்வொரு தடமும் அண்டா அகலம்,
உள்ளே கலங்கிய தண்ணீர்,
அதில் கொஞ்சம் வானம்.
அடிடா என்றான்.
பந்து வழக்கம்போல இடது பக்கம் சாய்ந்தது,
விளிம்பில் ஒரு நொடி யோசித்து
ஆனைத் தடத்துக்குள் 'பொளக்' என்றது.
சாரமில்ல, ஆன குழிச்சதும் குழி தன்னே
என்று பழம்பொரிக்குக் காசு எடுத்தான்.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது
பையிலிருந்து தாளை எடுத்துக் கேட்டாள்,
இது என்ன?
எடை என்றேன்.
எந்தப் பக்கத்துக்கு
என்றாள் ஜெசிந்தா.